மூன்றாம் பகுதியில் ஒன்றுமில்லை

மார்ச் 2, திங்கள்

கோத்தகிரி வந்து சேர்ந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே எதையோ மென்றுகொண்டு வந்தார். என்னிடம்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்து பேசுகிறவர்களின் வம்சமே அற்றுப்போய்விட்டது. எங்கள் வானொலி நிலையத்தில் புதிதாக வந்திருக்கும் அறிவிப்பாளர்களும் அப்படித்தான். பாதி எழுத்துகளை விழுங்கிவிடுகிறார்கள். இதைப் பற்றி நான் நிலையத்துக்கு எழுதிக்கொடுத்தது எந்தக் குப்பைக்கூடையில் கிடக்கிறதோ.

ஒரு வீட்டு மாடியை எனக்காக நிலையம் பிடித்துக்கொடுத்திருக்கிறது. கீழே வீட்டுக்காரம்மா எமிலி டீச்சர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. மேஜர் என்று ஒரு நாய். என்னைப் பார்த்ததும் குரைத்தது. நானும் முறைத்தேன்.

எதற்காக வந்தேன் என்பதை எழுதிவைத்துவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

'தனிச்செவி' என் யோசனை. ஒரு தொகுப்பாளர், ஒரே ஒரு படைப்பு. இதுவரை இசை என்று யாரும் ஒத்துக்கொள்ளாத ஒலிகளால் ஆன படைப்பாக இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எங்காவது போய் அடைந்துகொண்டு, வேறு எந்த இசையையும் காதில் விடாமல், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பிறகு வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். இதைச் சொன்னபோது முன்பிருந்த இயக்குநர்கள் சிரித்தார்கள். இப்போது பிரமிளா இயக்குநராக வந்திருக்கிறாள். ஒலிநாடாவை வெட்டி ஒட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அனுமதி கொடுத்தாள். கொடுத்த கையோடு முதல் படைப்பையும் அவளே தேர்ந்தெடுத்தாள். செங்கோட்டுவேலின் 'பாவு', தறியில் நீளவாட்டில் கட்டும் நூலின் பெயர். ஏழு பகுதிகள். வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கியதாம்.

உலகத்தில் வேறு ஆளே இல்லையா?

தாழ்வாரத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"என்னைக் கேக்காம எப்படிம்மா முடிவு பண்ணினே?"

"மீட்டிங்ல உங்களத்தான் சார் மொதல்ல கேட்டேன். தலையாட்டினீங்களே."

"நானா?"

"எல்லாரும் பாத்தாங்க சார்."

எல்லாரும் அவள் பக்கம்தான். இயக்குநர் ஆயிற்றே. பிறகு குரலைத் தாழ்த்தினாள். எதிரில் இருப்பவனுக்கு அவமானம் தரும் செய்தி என்றால் எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். இரண்டு முறை சொல்லச்சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"இந்த நிகழ்ச்சி எடுபட்டுச்சுன்னா உங்க ஒப்பந்தத்த நீட்டிக்க நான் சண்டை போடுவேன் சார். எடுபடலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

யோசித்துப் பார்த்தேன். செங்கோட்டுவேல் என்றால் செங்கோட்டுவேலே இருக்கட்டும். ஒரு மணி நேரம் ஒலிவாங்கி என் கையில். அவன் யார் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினேன். ஒலிபெருக்கிகளை மூலைக்கு ஒன்றாக வைத்தேன். ஹெட்போனில் கேட்க வேண்டாம், ஒலிபெருக்கியில் தனியாகக் கேட்கவும் என்று குறுந்தகட்டின் உறையில் அச்சிட்டிருக்கிறான். அங்கேயும் அதிகாரம்.

கணினியில் கேளுங்கள், அலை வடிவம் திரையில் தெரியும் என்றார் நிலையத்துப் பொறியாளர். மறுத்துவிட்டேன். இசையைக் கண்ணால் பார்ப்பவனுக்குக் காது எதற்கு?

முதல் பகுதி. தறிப்பட்டறை, தெருமுனையிலிருந்து கேட்பதுபோல. மெல்ல நெருங்கிக் கதவைத் திறந்து உள்ளே போகிறது. உள்ளே போனதும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டுக் கேட்டேன். அது என் பதிவு. அந்த இரண்டாவது தறியின் ஓட்டத்தில் ஒரு நொண்டல் உண்டு. எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

நானும் வேலுவும் சேலத்தில் கல்லூரியில் ஒரே விடுதி. நான் இயற்பியல், அவன் வரலாறு. அவன் வீடு திருச்செங்கோட்டுப் பக்கம், வீட்டோடு பட்டறை. விடுமுறை முழுக்க அங்கேதான் கிடந்தோம். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தறிக்கு நடுவில் நிற்பேன், ஹெட்போன் மாட்டி, அளவை முழுக்கத் திருகி. அவன் ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்வான். தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டையும் நாடா, நம் பெட்டியில் ஓடுவதும் நாடா என்று சிரித்துக்கொள்வோம். தறி ஓடும்போது அந்த வீட்டில் யாரும் கத்த மாட்டார்கள். உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். தறிப்பேச்சு. ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டேன். "பேராசிரியர் மவன் நம்மளாட்டவே பேசுது பாரு" என்று வேலுவின் அப்பா எல்லாரிடமும் சொல்வார்.

அந்த நாடாக்களை அவன் தன் பெயரில் மட்டும் ஜெர்மனிக்கு அனுப்பினான். அவர்கள் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வாக்கியத்தை என் மனைவி அமிர்தவல்லி தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

மாலையில்

இரண்டாம் பகுதி முடிந்து மூன்றாம் பகுதி. 'சுவர்க்கோழி' என்று பெயர். ஒன்றுமே இல்லை. கம்பிகளைப் பிடுங்கி மாட்டினேன். நான்காம் பகுதிக்குத் தள்ளினால் அறை அதிர்கிறது. திரும்ப மூன்றுக்கு வந்தால் வெறுமை. நேரம் மட்டும் ஓடுகிறது.

புரிந்துவிட்டது. மௌனத்தை இசை என்று விற்கிறான்! மேல்நாட்டில் என்றைக்கோ செய்து சலித்துப்போன வித்தை. இதற்கா பரிசு?

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே நாய் ஊளையிட்டது. பிறகு படியில் டீச்சர்.

"தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு வைக்கக் கூடாதா? காதுல ஊசி வெச்சுக் குத்தறாப்ல இருக்கு."

"எந்தச் சத்தம்?"

"இப்ப ஓடுதே, அதுதான்."

அப்போது ஓடிக்கொண்டிருந்தது மூன்றாம் பகுதி. தறிச்சத்தம் மணிக்கணக்கில் இடித்தபோது வாய் திறக்காத பெண்மணி, எதுவுமே ஒலிக்காதபோது வந்து நிற்கிறார். வாடகைக்கு விட்டுவிட்டு வம்பு இழுக்கும் ரகம். கதவைச் சாத்தினேன்.

மார்ச் 5, வியாழன்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நேரம் முடிந்தால் இண்டக்‌ஷன் அடுப்பு ஒலி எழுப்பும் என்று சொல்லித்தான் டீச்சர் கொடுத்தார். எழுப்பவில்லை. பழுதான சாமானை மாடிக்குத் தள்ளிவிடுவது வீட்டுக்காரர்களின் பழக்கம்.

ஐந்தாம் பகுதி நன்றாக இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருக்கிறது. பாவு நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்து, அறுந்த இடத்தையெல்லாம் ஒரு கிழவரின் மூச்சு நிரப்புகிறது. வேலுவின் அப்பாவாக இருக்கும். இறந்துவிட்டாராம்.

மூன்றை மறுபடி கேட்டேன். கண்ணை மூடி. ஒன்றுமில்லை. நாய் ஊளையிட்டது. இதற்கென்றே பழக்கியிருக்கிறார் போல.

மார்ச் 6, வெள்ளி

சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து வழியே நடந்தேன். இத்தனை பெரிய மலையில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. சின்ன வயதில் வந்தபோது சில்வண்டு காதைத் துளைக்கும். மருந்தடித்து மருந்தடித்து அத்தனையையும் கொன்றுவிட்டார்கள். இதைக் கேட்க ஒரு நாதி இல்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டு ஆகா, என்ன அமைதி என்கிறார்கள், இழவு வீட்டு அமைதியை.

மார்ச் 7, சனி

அமிர்தவல்லி ஈரோட்டிலிருந்து கூப்பிட்டாள். வரவர இவளும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். மறுபடி அந்த டாக்டர் பேச்சை எடுத்தாள். வைத்துவிட்டேன்.

வாசலில் டீச்சர் நிறுத்தி ஏதோ நீளமாகச் சொன்னார். நாய் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். அவருக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 8, ஞாயிறு

உப்புமா. ஆறாம் பகுதி.

பிற்பகல் ஜன்னல் கம்பளியை விலக்கியபோது டீச்சர் படியடியில் நல்ல சேலை கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். இருட்டும் நேரத்தில் கதவருகே மூடிய பாத்திரம். பிரியாணி, ஆறிப்போனது. ஒரு வார்த்தை இல்லை. யாசகனுக்கு வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"வர முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி. எங்க வீட்டுக்காரர் போயி வருஷம் திரும்பியிருக்கு. தனியா உக்காந்து சாப்பிட வேண்டாமேன்னுதான் கூப்பிட்டேன்."

"எங்கே கூப்பிட்டீங்க?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தப்பாகக் கூட்டிய விடைத்தாளைப் பார்க்கிற பார்வை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று தெரியவில்லை. வருகிறது.

மார்ச் 10, செவ்வாய்

எழுதி முடித்தேன். பேச்சை மட்டும் நான் இங்கே பதிவு செய்து அனுப்ப வேண்டும். இசையைப் பிரமிளா அங்கே இடையிடையே சேர்ப்பாள்.

என் குரல் இன்னும் கம்பீரமாக இருக்கிறது. அந்தப் பட்டறை நாட்களைச் சொன்னேன். யார் ஒலிவாங்கி பிடித்தது, யார் பெயர் போட்டுக்கொண்டது என்று சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன், நிதானமாக, நடுங்காமல். மூன்றாம் பகுதிக்கு முன் இப்படி வைத்தேன்:

"நேயர்களே, இப்போது நீங்கள் கேட்கப்போவது ஒன்றுமே இல்லை. ஒரு கலைஞனிடம் சொல்வதற்கு எதுவும் தீர்ந்துபோனபின் மிஞ்சுவது இது. பரிசு வாங்கிய வெறுமை. கேளுங்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்: நான் பொய் சொல்கிறேனா?"

அனுப்பிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.

மார்ச் 11, புதன்

பிரமிளா அழைத்தாள். இசையைச் சேர்த்து முழுதாகக் கேட்டாளாம். நல்லவேளை, இன்று வாயைத் திறந்து பேசினாள். உற்சாகத்தில் எல்லாருக்கும் தொண்டை திறக்கும்.

"சார், மூணாவது பகுதி! எப்படி சார் இப்படித் தோணிச்சு? 'ஒன்றுமே இல்லை'ன்னு அவ்வளவு கோவமாச் சொல்றீங்க. உடனே அது ஆரம்பிக்குது. எனக்குச் சிலுத்துப் போச்சு. 'நான் பொய் சொல்கிறேனா'ன்னு கேக்கறீங்க பாருங்க, அதுதான் உச்சம். இது மாதிரி இங்க யாருமே பண்ணினதில்ல. உங்க ஒப்பந்தத்த நான் பாத்துக்கறேன்."

"எது ஆரம்பிக்குது?"

அவள் சிரித்தாள். "என்கிட்டயுமா சார்?"

கேலி செய்கிறாளா? குரலில் கேலி இல்லை. கேலி இல்லாததுதான் உறுத்துகிறது.

பிறகு இயக்குநர் ஆனாள். "ஆனா நாடா விஷயம் நேரடிக் குற்றச்சாட்டு. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பதிவு பண்ணிடுங்க. இல்லேன்னா அத ஒலிபரப்ப முடியாது."

அவனுடைய எண்ணைக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். நான், அவனை.

சாயங்காலம் மூன்றாம் பகுதியை ஓடவிட்டுவிட்டு ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கையில் எதுவும் தட்டவில்லை. ஆனால் கீழே நாய்.

மார்ச் 12, வியாழன்

கைபேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து, அளவை முழுக்கத் திருகிவைத்து அழைத்தேன். பதிவுக் கருவி ஓடியது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு இதை எழுதுகிறேன், ஒரு சொல் விடாமல்.

"கனகு? டேய், கனகசபாபதியா?"

"நிகழ்ச்சிக்காகச் சில கேள்விகள்" என்றேன்.

"கேளு, கேளு. ஆனா சத்தமாக் கேளு. எனக்குக் காது போயிப் பல வருசமாச்சு. மெசின் மாட்டியிருக்கறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. குறித்துவைத்திருந்த முதல் கேள்வி மறந்துவிட்டது.

"மூணாவது கேட்டியா?" என்று அவன்தான் கேட்டான்.

"கேட்டேன்."

"பொய் சொல்லாதடா. அது எனக்கே கேக்காது."

பதிவுக் கருவி ஓடுகிறதா என்று பார்த்தேன்.

"அது அத்தனையும் பூச்சி கனகு. எங்கூட்டுச் சுவத்துக்கோழி, ஏரிக்கரைச் சில்வண்டு, இந்த ஜெர்மனி ஊருப் பூச்சி. தறிக்காரன் காதுல மொதல்ல செத்துப்போறது அந்தச் சத்தந்தான். இடி விழுந்தாக் கேக்கும், பூச்சி கத்தினாக் கேக்காது. எங்கப்பன் சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, மருந்தடிச்சு மருந்தடிச்சு ஊருல பூச்சியே இல்லாமப் பண்ணிட்டானுகன்னு."

ஜன்னல் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் மவ பக்கத்துல உக்காந்து காது குடுத்தா. நான் கணினியில கோட்டப் பாத்துப் பாத்துக் கோத்தேன். நமக்குக் கேக்காததுன்னு கணக்குப் பண்ணி, அது மட்டும். நீயும் எங்க பட்டறையில எத்தன நாள் நின்ன? அதும் ஹெட்போனு வேற. உனக்கும் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணினேன்."

கோபம் அப்போதுதான் எனக்குத் துணைக்கு வந்தது. நல்லவேளை வந்தது.

"அத விடு. நாடாவ அனுப்பறப்ப என்னை நீ ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டேனே."

"எப்ப?"

"பட்டறையிலதான். தறி ஓடிட்டிருந்துச்சு. நீ மைக்கப் புடிச்சுட்டு நின்னே. 'ரெண்டு பேரு பேரும் போடட்டுமா, உங்கப்பா வைவாருன்னியே, எம் பேரு மட்டும் போட்டு அனுப்பட்டுமா'ன்னு கேட்டேன். நீ தலையாட்டுனே."

"வாயத் தொறந்து கேட்டியா?"

"தறிக்குள்ள எவன்டா வாயத் தொறப்பான்? உதட்டுலதான் கேட்டேன். உனக்குத்தான் அது அத்துப்படியாச்சே! எங்கப்பங்கிட்ட அந்தப் பீத்து பீத்துவியே."

பதிவில் இந்த இடத்தில் என் மூச்சு மட்டும். பிறகு என் குரல். அவ்வளவு கம்பீரமாக இல்லை.

"நீ கேட்டது ரெண்டு கேள்வி. நான் ஆட்டினது ஒரு தலை. எதுக்குடா ஆட்டினேன்?"

அவன் பக்கம் அடுப்போ குழாயோ ஏதோ ஒன்று கேட்டது.

"அதத்தான் நான் திருப்பிக் கேக்கல" என்றான். "எனக்கு எது தோதோ அதுக்கு ஆட்டினதா வெச்சுக்கிட்டேன். அப்பறம் கேக்கப் பயமாப் போச்சு." பிறகு: "கனகு? லைன்ல இருக்கியா? கேக்குதா?"

துண்டித்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வேலுவின் அப்பா என்னைப் பார்த்து உதட்டை அசைப்பார். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அவர் என்ன சொன்னார் என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

மார்ச் 14, சனி

டீச்சரை மாடிக்குக் கூப்பிட்டேன். வந்தார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. நாயும் வந்தது.

"சத்தம் ஆரம்பிச்சதும் கையத் தூக்குங்க. முடிஞ்சதும் இறக்குங்க."

"இதென்ன பரீட்சை?"

"எனக்குத்தான்" என்றேன்.

மூன்றாம் பகுதியைப் போட்டேன். சில நொடிகளில் நாயின் காது நிமிர்ந்தது. டீச்சர் கையைத் தூக்கினார். தூக்கியது தூக்கியபடியே இருந்தது. அவர் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பல ஆண்டுகளாகக் காதால் செய்துகொண்டிருப்பதாக நினைத்த வேலையை அவர் முகம் செய்தது. கை வலித்ததால் மறு கையால் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இறக்கவில்லை.

நேரங்காட்டியில் அந்தப் பகுதி முடியும்போது கை இறங்கியது. சரியாக.

"என்ன கேட்டுச்சு?"

"என்ன தம்பி, எங்கிட்டக் கேக்கறீங்க? கீழ இருந்து கேட்டா ஊசி குத்தறாப்ல இருந்துச்சு. இங்க பக்கத்துல வேற மாதிரி இருக்கு. ஒரு பூச்சி ஆரம்பிக்குது. தள்ளி இன்னொண்ணு. முன்னது நிறுத்தினதும் பின்னது பிடிச்சுக்குது. அப்புறம் நூறு, ஆயிரம். எல்லாஞ் சேந்து தறி ஓடறாப்லயே இருக்கு. கடைசில எல்லாம் ஓஞ்சு ஒண்ணே ஒண்ணு மட்டும் கத்துது. யாராவது பதில் சொல்வாங்களான்னு விட்டு விட்டுக் கத்துது. அழுகையே வந்துடுச்சு எனக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எரிச்சலாக இருந்தது. எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் அது சொன்னதுதானே.

"இங்க வெளிய பூச்சி கத்துதா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ! தூங்க விடுதா? இப்பக்கூடக் கத்துதே."

ஜன்னலைத் திறந்தேன். கம்பளியை அவிழ்த்தேன். மலை முழுக்க அமைதி. எமிலி டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை விடைத்தாள் பார்வை இல்லை.

"தம்பி, உங்களுக்கு இது..."

"இல்ல."

"அன்னிக்கு வாசல்ல நான் கூப்பிட்டது?"

"அதும் இல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அத அப்பவே சொல்லக் கூடாதா? நான் ஒரு வாரமா உங்களத் திட்டிட்டு இருக்கேன். அடுப்பு வேற கூவிட்டே கெடக்குது, இந்த மனுஷன் அணைக்க மாட்டேங்கறாரேன்னு."

நாளை மதியம் கீழே சாப்பாடு. சத்தமாக, வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 15, ஞாயிறு

மீன் குழம்பு. நாய் என் காலடியில் படுத்தது. இன்னும் எங்களுக்குள் சமாதானம் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். நான் எதுவுமே செய்ய வேண்டாம். பிரமிளாவிடம் இருப்பது அப்படியே போகட்டும். 'ஒன்றுமே இல்லை' என்பது பெரிய கலைத்தந்திரம் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஒப்பந்தம் நீளும். வேலு மட்டும் சிரிப்பான், அவனும் வெளியே சொல்ல மாட்டான். உண்மையைச் சொன்னால்? காது கேட்காத ஆளுக்கு வானொலியில் இசை நிகழ்ச்சி. அடுத்த மாதம் இசைத்தட்டுகளைத் தூசி தட்ட அனுப்புவார்கள், அல்லது வீட்டுக்கு.

இப்படியே விட்டுவிட்டால் இதற்கும் தலையாட்டியதாகத்தான் அர்த்தம்.

என் வாழ்க்கை முழுக்க நான் ஆட்டிய தலைகளை நினைத்தால் கழுத்தை ஒடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எத்தனை பேர் எதற்கெல்லாம் சம்மதம் வாங்கிப்போயிருக்கிறார்களோ! அத்தனை பேரையும் திட்டியிருக்கிறேன், என்னைக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று. எனக்குத்தான் கேட்கவில்லை.

வேலுவின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அதை எழுதிவிட வேண்டும். இரண்டு கேள்வியில் தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டவன் அவன். பெயரை அவனே வைத்துக்கொண்டான், காது போனதில் மட்டும் சரிபாதி கொடுத்தான்.

குற்றச்சாட்டை எடுத்துவிட்டேன். மன்னித்ததால் இல்லை. இதை விளக்க ஒரு மணி நேரம் போதாது. மூன்றாம் பகுதிக்கு முன் உள்ளதைப் புதிதாகப் பதிவு செய்தேன்:

"அடுத்து வரும் பகுதி எனக்குக் கேட்காது. இதை உருவாக்கியவருக்கும் கேட்காது. நாங்கள் இருவரும் இளவயதில் ஒரு தறிப்பட்டறையில் நின்றோம். அங்கே எங்கள் காதிலிருந்து போனது எதுவோ அது மட்டும் இதில் இருக்கிறது. உங்களுக்குக் கேட்கும். நீங்கள் கேளுங்கள்."

அனுப்பினேன். அமிர்தவல்லியை அழைத்து, அந்தக் காது டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டேன். அவள் அழுதாள். அழுதால் இன்னும் புரியாது என்று கத்தினேன். செவ்வாய் என்றாள்.

மார்ச் 16, திங்கள்

மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது பிரமிளா வீடியோவில் வந்தாள். கண் சிவந்திருந்தது. புதிய பதிவைக் கேட்டிருக்கிறாள்.

"சார், இது... இதப் போட்டா மேலிடத்துல கேப்பாங்க. உங்க ஒப்பந்தம்..." என்று தொடங்கினாள். பிறகு யாரோ அறைக்குள் வர, குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன. கேள்விபோல் முடித்தாள். பழையதையே ஒலிபரப்பிவிடலாமா என்றாளோ, இதையே போடட்டுமா என்றாளோ, இரண்டையும் சேர்த்தே கேட்டாளோ. என் பதிலுக்காகத் திரையில் காத்திருந்தாள்.

என் தலை, அதன் போக்கில், ஆட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தினேன்.

"கேக்கல" என்றேன். "வாயத் தொறந்து, திரும்பச் சொல்லு."